மூடியின் மேல் ஐந்து பொட்டு

அன்ரி,

இன்று காலை சந்தனத்தூளில் பன்னீர் விட்டுக் குழைத்தேன். வாசம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. குசினிக்குள் கடலை அவித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, தண்ணி கூடிப்போச்சோ?" என்று கேட்டாள். "ஓம், கொஞ்சம்" என்றேன். பொய். சந்தனம் நல்ல பதமாகத்தான் இருந்தது.

இன்று சரஸ்வதி பூசை. நீங்கள் போய் ஒரு வருடம்.

நான் இப்போது மெல்பேணின் மற்றப் பக்கத்தில், ட்ருகனினாவில் இருக்கிறேன். புது வீடுகளும் பெரிய பெரிய கிடங்குகளும் உள்ள ஊர். மரம் இல்லாததால் காற்று நேராக முகத்தில் வந்து அடிக்கும். ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறேன். எங்கள் ஆட்களில் ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். நல்ல மனிதர்கள். உங்கள் பியானோவைக் கொண்டுவரலாமா என்று கேட்டபோது வீட்டுக்காரர் ஒரு நிமிடம் தலையைச் சொறிந்துவிட்டு, "கராஜுக்குள்ள வையுங்கோ அக்கா, கார் வெளியில நிக்கட்டும்" என்றார். அரிசி மூட்டைக்கும் புல்லு வெட்டும் மெஷினுக்கும் நடுவில் அது நிற்கிறது.

வாசிக்கத் தெரியாத ஒருத்தி எதற்காக ஒரு பியானோவைக் கட்டி இழுத்துக்கொண்டு திரிகிறாள் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களிடம் கேட்கவும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆனால் நான் வடமராட்சியில் பதினாறு வருடம் கணக்குப் படிப்பித்தவள். செய்முறை காட்டாமல் விடைக்குப் போக எனக்கு வராது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஸ்பிரிங்வேலில் ஒரு தமிழ்க்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்துத்தான் உங்களிடம் வந்தேன். வயோதிபப் பெண்மணிக்கு வீட்டோடு இருக்க ஓர் ஆள் தேவை, அறை இலவசம் என்று எழுதியிருந்தது. படகில் வந்தவர்களை அடைத்துவைக்கும் தீவு முகாமிலிருந்து வெளியே வந்து, விசாவும் கிடைத்து, ஒரே அறையில் நான்கு பெண்களாகப் படுத்துக்கொண்டிருந்த காலம். உங்கள் குரல் கேட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது எனக்குத் திக்கென்றது. தொண்ணூறு வயதில் ஒட்ட வெட்டிய தலைமயிர், உதட்டில் சிவப்புச் சாயம், வலது கை மட்டும் துவண்டு மடியில் கிடந்தது.

"கதிரையில இரும். உம்மைப் பற்றிச் சொல்லும்" என்றீர்கள்.

நான் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் சட்டங்களைச் சொன்னேன். மாட்டிறைச்சி சமைக்க மாட்டேன், வெள்ளிக்கிழமை வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் கூடாது, சாமிப் படம் வைக்க ஒரு மூலை வேண்டும், விளக்கு வைக்கிற நேரம் யாரும் படுத்திருக்கக் கூடாது. படகில் ஏறும்போது என் பை கடலுக்குள் போய்விட்டது. கரை சேர்ந்தபோது என்னிடம் இருந்தவை விரதங்களும் ஆசாரங்களும்தான். அவை நனையவில்லை. அதனால் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் அளவுக்கு மீறியே.

எல்லாம் கேட்டு முடிய நீங்கள் சொன்னீர்கள்: "உம்மட்ட நிறையச் சட்டம் இருக்கு. என்னட்ட ஒண்டும் இல்லை. வாரும், பாதிப் பாதியாப் பிரிப்பம்."

இரண்டு தனி ஆட்கள் ஒரு வீட்டில் இருந்தால் தனிமை பாதியாகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கணக்கும் இல்லை. சில நாள் அது இரண்டு மடங்காகியது. நீங்கள் முன் அறையில் யன்னலைப் பார்த்தபடி இருப்பீர்கள். நான் என் அறையில் அம்மாவின் தொலைபேசி இலக்கத்தைப் பார்த்தபடி இருப்பேன். நடுவில் ஒரு சுவர்.

அந்தச் சுவரை முதலில் தட்டியது உங்கள் இடது கை. வந்து இரண்டாம் நாள், உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தேன். முன் அறையிலிருந்து டும் சக், டும் சக் என்று ஒரு சத்தம். கீழே ஒன்று இடித்தது, மேலே ஒன்று துள்ளியது, திரும்பக் கீழே. பாட்டே இல்லை. கத்தியோடு வந்து நின்று, "அன்ரி, இது பாட்டோ, மாட்டுவண்டில் போற சத்தமோ?" என்று கேட்டேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. "வண்டில்தான் பிள்ளை. மேல ஏறி இருக்கிற ஆள் இல்லை, அவ்வளவுதான். அவ வலது கை. ஸ்ட்ரோக்கோட போயிட்டா" என்றீர்கள். பிறகு, "வலது கை விருந்தாளி. வருவா, சிரிப்பா, போவா. இடது கைதான் வீட்டுக்காரி. அவ நிண்டால் வீடு நிண்டிடும்."

அன்றுதான் உங்கள் இடது கையை முதன்முதலாகக் கவனித்தேன். சின்ன விரலை ஒரு வெள்ளைக் கட்டையில் வைத்து, பெருவிரலை நீட்டிப் பத்தாவது கட்டையில் வைத்துக் காட்டினீர்கள். என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். எனக்கு எட்டுக் கட்டைக்கு மேல் போகவில்லை. "பத்துப் பிடிக்கிற பொம்பிளைக் கை கொழும்பில என்ர ஒண்டுதான். அதாலதான் பாண்டில சேத்தவங்கள்" என்றீர்கள்.

எந்த பாண்ட் என்று நான் கேட்கவில்லை. தேவாலயப் பாட்டுக்குழு என்று நினைத்துக்கொண்டேன். மாலை நேரம் உங்கள் வலது கைக்கு நல்லெண்ணெய் தேய்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க உங்களால் முடியாது. வாய் தொடங்கிவிடும்.

வெள்ளவத்தையில் ஒரு கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். கன்னியர் மடத்துப் பள்ளியில் பியானோ. சோதனைகள் எல்லாம் பாஸ். பிறகு யுத்தம் வந்தது. உங்கள் யுத்தம், என்னுடையது அல்ல. உங்களுடையது கொழும்பு முழுக்கப் பட்டாளத்துக்காரரைக் கொண்டுவந்து இறக்கியது. ஒவ்வொரு ஹோட்டலிலும் நடனம். ஆடுவதற்கென்றே வந்த ஸ்விங் இசை என்றால் ஊருக்கே பைத்தியம். ஒல்லாந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் எட்டுப் பேர் சேர்ந்து நடத்திய ஒரு பாண்டில் பியானோக்காரன் கடற்படைக்குப் போய்விட்டான். ட்ரம்பெட் ஊதும் தலைவர் ஒரு கலியாண வீட்டில் உங்கள் வாசிப்பைக் கேட்டார். முகத்தைப் பார்க்கவில்லையாம், இடது கையைத்தான் பார்த்தாராம். உங்களுக்கு ஒரு பறங்கிப் பெயரும் வைத்துவிட்டார். இருபத்தொரு வயதில் அந்தப் பெயரோடு மேடையில் ஏறினீர்கள்.

"வீட்டில என்ன சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"பட்டாளத்துக்காரருக்குக் கம்பளி பின்னுற சங்கத்துக்குப் போறன் எண்டு."

"கொழும்பு வெயிலுக்குக் கம்பளியோ? டடி நம்பினவரோ?"

"அவர் கந்தோர் உத்தியோகக்காரர். மகள் எத்தினை மணிக்கு வாறாள் எண்டு பாப்பார். வெயில் எறிக்குதோ எண்டு பாக்கமாட்டார்."

வீட்டுக்குள் நுழைய முன் தெரு முனையில் உதட்டைத் துடைத்து, தலையைப் பின்னி, பையிலிருந்து ஊசியையும் நூல் பந்தையும் எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வீர்களாம். போனமாதிரியே திரும்பி வரவேண்டும். அதில் நீங்கள் கெட்டிக்காரி. அந்தக் கெட்டித்தனம் என்னையும் ஏமாற்றும் என்று நான் அப்போது நினைக்கவில்லை.

நான்கு வருடம் வாசித்தீர்கள். கண்டிக்கும் திருகோணமலைக்கும் ரயிலில் போய்க்கூட. "நான் கட்டையைப் பாக்கிறேல்லை, சப்பாத்தைப் பாக்கிறனான்" என்பீர்கள். ஆடுகிறவர்களின் கால் சப்பாத்து களைத்தால் பாட்டை மாற்ற வேண்டுமாம். ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸஃபோனுக்கும் யார் எந்த இடத்தில் என்ன ஊதுவது என்று எழுதியதும் நீங்கள்தான். தாளின் தலையில் தலைவரின் பெயர் இருந்தது. வானொலியில் ஒருமுறை வாசித்தபோது அறிவிப்பாளர் உங்கள் பறங்கிப் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போட்டுவிட்டார். நீங்கள் திருத்தவில்லை.

"ஏன் திருத்தேல்லை?"

"டடியும் ரேடியோ கேக்கிறவர் பிள்ளை."

ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தேவாலயத்து மூப்பர் ஒருவர் 'பாவம் எப்படியிருக்கும்' என்று பார்க்க ஹோட்டலுக்குப் போயிருக்கிறார், அங்கே நீங்கள். டடி வீட்டுப் பியானோவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு மாதம் கழித்து, வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கிறது என்று அவரே திறந்துவிட்டார். நீங்கள் திரும்ப பாண்டுக்குப் போனீர்கள். பிறகு யுத்தம் முடிந்தது. கடற்படைக்குப் போனவன் உயிரோடு திரும்பி வந்தான். தலைவர் ஒரு கேக் வெட்டி, எல்லோரையும் கைதட்டச் சொல்லி, உங்களைப் பியானோக் கதிரையிலிருந்து எழுப்பினார். அடுத்த வருடம் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தில் பியானோவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அது தேவ கீதத்துக்கு மட்டும் என்று உங்கள் கணவர் சொன்னார்.

"பியானோ வீட்டுக்குள்ள வரலாம், பியானோக்காரி வரக்கூடாது" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெய் தேய்க்கும் கை இறுகிப்போய், "மெல்லப் பிள்ளை, அந்தக் கை என்ன செய்தது உனக்கு?" என்று நீங்கள் கேட்கும்வரை எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் மாமியார் நித்திரை கொள்ளும் நேரத்தில் நீங்கள் சத்தமில்லாமல் வாசித்திருக்கிறீர்கள். கட்டையை மிக மெதுவாக அமத்தினால் உள்ளேயிருக்கும் சுத்தியல் கம்பியில் படாதாம். எனக்கும் செய்து காட்டினீர்கள். கட்டை அடிவரை போய் வந்தது, அறையில் ஒரு சத்தமும் இல்லை. முடிந்ததும் மூடியை இறக்கி, சரிகைத் துணியை விரித்து, பூச்சாடியை அது பதிந்திருந்த வட்டத்திலேயே திரும்ப வைப்பீர்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. மகனுக்குக்கூட.

மகன் இந்த நாட்டுக்குப் படிக்க வந்து, பிறகு உங்கள் இருவரையும் அழைத்து, நீங்கள் மெல்பேணுக்கு வந்து, கணவர் போன பிறகுதான் இந்தப் பழைய பியானோவை வாங்கினீர்கள். அப்போது அறுபத்தெட்டு வயது. இனி யாருக்குப் பயம்? ஆனால் சேர்ந்து வாசிக்க ஓர் ஆளும் மிஞ்சியிருக்கவில்லை. "ஸ்விங் தனிய வாசிக்கிற சாமான் இல்லைப் பிள்ளை. சொல்லுறதுக்கு மற்றவன் மறுமொழி சொல்ல வேணும்" என்றீர்கள். நான் மறுமொழி சொல்லத் தெரியாதவள். குசினியில் இருந்து கரண்டியால் தட்டிப் பார்த்தேன். "அதைவிட நீ சும்மா இரு" என்று அங்கிருந்தே கத்தினீர்கள்.

முதியோர் மதியச் சாப்பாட்டுக்கு உங்களைச் சக்கரக் கதிரையில் வைத்துக் கூட்டிக்கொண்டு போன அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் மறக்க மாட்டேன். எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர். இலங்கை என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இளம் பட்டாளத்தானாக ஊர் திரும்பும் வழியில் சில மாதம் கொழும்பில் நின்றாராம். ஹோட்டலின் பெயரைச் சொன்னார். உங்கள் ஹோட்டல். ட்ரம்பெட்டைப் பற்றிச் சொன்னார், ஆடிய பெண்ணின் சட்டை நிறத்தைச் சொன்னார். என் உடைந்த ஆங்கிலத்தில், பியானோ வாசித்தது யார் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, யாரோ ஒருத்தன், முதுகு மட்டும்தான் தெரிந்தது, நன்றாக வாசித்தான் என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் மேசைக்குக் கீழே என் காலில் ஒரு மிதி மிதித்தீர்கள். பிறகு அவரைப் பார்த்து, ஆமாம், அவன் கெட்டிக்காரன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜெலியைச் சாப்பிடத் தொடங்கினீர்கள்.

வரும் வழியில் சண்டை பிடித்தேன். "ஏன் சொல்லேல்லை? எழுபது வருசம் கழிச்சு ஒரு சாட்சி கிடைச்சிருக்கு!"

"அவர் சந்தோசமா இருந்தவர். அந்தாளின்ர ஞாபகத்துக்குள்ள போய் நான் ஏன் கதிரையை மாத்த வேணும்?"

அது பெருந்தன்மையா, பயமா? மூடி மூடி வைத்துப் பழகிய கை இனித் திறக்காது என்பதா? எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை நீங்கள் பியானோவில் இருக்கவில்லை. யன்னலைப் பார்த்தபடி இருந்தீர்கள்.

இனி, போன வருடத்துச் சரஸ்வதி பூசை.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. அன்று புத்தகம், பேனை, வாத்தியம் எல்லாவற்றையும் பூசையில் வைத்துவிட்டால் அடுத்த நாள் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. ஊரில் எங்கள் பள்ளியில் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் சந்தனம் வைத்து மூடுவோம். இங்கே என்னிடம் புத்தகம்கூட இல்லை. வீட்டில் இருந்த ஒரே வித்தை உங்களுடையது. அதற்கு மரியாதை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், அன்ரி. சத்தியமாக.

காலையிலேயே குளித்து, பியானோவைத் துடைத்து, மூடியை இறக்கினேன். மூடியின் விளிம்பும் கீழ்ப்பலகையும் சேரும் இடத்தில் சந்தனத்தால் ஐந்து பொட்டு, நல்ல தடிப்பாக. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். பியானோவின் உச்சிப் பலகையில், பித்தளைத் தட்டில் பூவும் மிச்சச் சந்தனமும் குங்குமமும். நீங்கள் தேத்தண்ணீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பியானோவுக்கும் விரதமோ?"

"ஓம். நாளைக்குக் காலமை வரைக்கும் தொடக்கூடாது அன்ரி. ஒரே ஒரு நாள்."

"நான் வேதக்காரி எல்லோ. எனக்கும் சேத்தோ?"

"வாத்தியம் ஒண்டுதானே. ஆர் தொட்டாலும் குற்றம்தான்."

நீங்கள் சிரித்தீர்கள். "டடி, தலைவர், மனிசன். என்னைப் பியானோவில இருந்து எழுப்பின ஆக்களில நீ நாலாவது ஆள் பிள்ளை" என்றீர்கள். நானும் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன். "போட்டு வாறன் அன்ரி, சமைச்சு வைச்சிருக்கு" என்று சொல்லி, பத்து மணிக்கு மரக்கறிக்கடை வேலைக்குப் போனேன்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது நீங்கள் பியானோவுக்கு முன்னால் உங்கள் கதிரையில் இருந்தீர்கள். கண் மூடியிருந்தது. சோற்றைத் தொடவில்லை என்று ஏசத் தொடங்கினேன். பாதி ஏச்சில்தான் எனக்கு விளங்கியது.

அம்புலன்ஸ் வந்தது, போனது. சிட்னியிலிருந்து மகன் வரும்வரை நான் அந்த அறையில் நின்றேன். மூடி மூடியபடி இருந்தது. ஐந்து பொட்டும் இருந்தன. நீங்கள் என் சொல் கேட்டு, மூடிய பியானோவைப் பார்த்துக்கொண்டு கடைசி நாலு மணி நேரம் இருந்திருக்கிறீர்கள். கிடைத்த கடைசிக் காலையையும் நான் பூட்டிவிட்டேன். ஒரே ஒரு நாள் என்று சொன்னேனே. அந்த ஒரு நாள்தான் உங்களிடம் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் பியானோவைத் திறந்து வாசிக்க வேண்டும். வாசிக்க ஆள் இல்லை. நான் திறக்கவில்லை.

தேவாலயத்தில் மகன் அழகாகப் பேசினார். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கீதங்களுக்குப் பியானோ வாசிப்பார், அதுதான் அவருடைய சின்னச் சந்தோஷம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். எழும்பி, இல்லை, உங்கள் அம்மா கொழும்பையே ஆட வைத்தவர் என்று சொல்லியிருக்கலாம். மேசைக்குக் கீழே என் காலை மிதிக்க யாரும் இல்லை. ஆனாலும் நான் சொல்லவில்லை. பியானோவைப் பூட்டி உங்களைக் கொன்றவளுக்கு அதைச் சொல்ல என்ன உரிமை என்று நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்து வீட்டை ஒதுக்கினோம். விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார் மகன். பியானோவை எடுக்கப் பழைய சாமான்காரன் மறுநாள் வருவதாக இருந்தது. துடைத்துக் கொடுப்போம் என்று ஈரத்துணியோடு போனேன். காய்ந்த பொட்டுகளைச் சுரண்டக் குனிந்தபோதுதான் கவனித்தேன். நான் வைத்தவை வட்டம். இவை வட்டமாக இல்லை. நீளமாக, நசிந்து, ஒன்று பலகைக்குக் கீழே வழிந்து காய்ந்திருந்தது. நாலில் குங்குமம் கோணலாக இருந்தது. ஐந்தாவதில் குங்குமமே இல்லை.

சுரண்டுவதை விட்டேன். உங்கள் கதிரையில் அமர்ந்து மூடியைத் திறந்தேன்.

வெள்ளைக் கட்டைகளில் மஞ்சள் தடங்கள். சந்தனம். கீழ்ப் பக்கத்தில் ஒரு கட்டையில் தடிப்பாக ஒன்று. அதிலிருந்து பத்தாவது கட்டையில் இன்னொன்று, பெருவிரல் அகலத்தில். அவை இரண்டும்தான் முதலில் தொட்டவை. பிறகு மேலே, கீழே, மேலே என்று போகப் போக மங்கி, கடைசித் தடங்கள் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால்தான் தெரிந்தன. டும் சக், டும் சக். வாசிக்கத் தெரியாத நான் அதை வாசித்தேன். சந்தனம் ஈரம் காயமுன்னே திறந்திருக்கிறீர்கள். நான் பஸ் ஏறும்வரைகூடப் பொறுக்கவில்லைப் போலிருக்கிறது!

முதலில் சிரிப்பு வந்தது. அந்தக் காலி வீட்டில் நான் தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். மூன்று கிழமையாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. நீங்கள் வாசித்தீர்கள். நான் எதையும் பறிக்கவில்லை.

பிறகு அந்தப் பொட்டுகளைத் திரும்பப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வாசித்து முடிந்து மூடியை இறக்கியிருக்கிறீர்கள். எட்டித் தட்டிலிருந்து சந்தனம் எடுத்து ஒன்று, இரண்டு என்று ஐந்தும் எண்ணி வைத்திருக்கிறீர்கள். வலது கை வராது, இடது கையால். நான் நின்றிருந்தால் இடது கையால் பொட்டு வைப்பதா என்று கத்தியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். பாதியில் களைப்பு வந்திருக்க வேண்டும், ஐந்தாவதற்குக் குங்குமம் வைக்க முடியவில்லை. பூச்சாடியை அதன் வட்டத்திலேயே வைப்பதுபோல, நூல் பந்தைக் கையில் பிடிப்பதுபோல, எல்லாவற்றையும் இருந்தமாதிரி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

டடிக்கு ஒளித்தீர்கள், மாமியாருக்கு ஒளித்தீர்கள், கணவருக்கு ஒளித்தீர்கள். எண்ணெய் தேய்த்த எனக்கு மட்டும்தான் எல்லாவற்றையும் சொன்னீர்கள். கடைசியில் எனக்கும் ஒளிக்க வேண்டி வந்ததே அன்ரி. என்ன பெரிய சாமிக் குற்றம்? "போடி, நான் வாசிக்கப் போறன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே திறந்துவிட்டிருப்பேன். இதை எழுதிவிட்டு யோசிக்கிறேன். திறந்திருப்பேனா? அன்றைக்கு இருந்த நான் திறந்திருக்க மாட்டேன். உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

ஈரத்துணியை வாளியில் போட்டேன். மகனுக்குத் தொலைபேசி எடுத்து, பியானோவை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டு, வாசிப்பீர்களா என்று கேட்டார். இல்லை, உங்கள் அம்மா வாசிப்பார் என்றேன். பிறகு அந்த நான்கு வருடத்தையும் பறங்கிப் பெயரையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன். அழுதுகொண்டிருந்தார்.

இன்று பூசைக்கு இந்த வீட்டுப் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கினோம். "பியானோவையும் மூடிப் பொட்டு வைப்பமோ அக்கா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். "வேண்டாம். அது திறந்தே இருக்கட்டும்" என்றேன். ஆசாரம் தப்புகிறதே என்று அவள் பார்த்தாள். நான் மற்ற எல்லா விரதமும் பிடிக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

பூசை முடிந்து கராஜுக்குள் போய் உங்கள் கதிரையில் இருந்தேன். தடங்கள் அப்படியே இருக்கின்றன. தூசி தட்டும்போதுகூட அந்தக் கட்டைகளை விட்டுவிடுவேன். சின்ன விரலை முதல் தடத்தின் மேல் வைத்தேன். பெருவிரலை நீட்டினேன். வழக்கம்போல எட்டுக் கட்டையில் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு கட்டை தள்ளி உங்கள் பெருவிரல் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். அன்றைக்கு வீட்டில் ஒருவரும் இல்லை. மாமியார் இல்லை, கணவர் இல்லை, நான் பஸ்ஸில். சத்தமாக வாசித்தீர்களா? அல்லது நான் எங்கோ கேட்டுவிடுவேன் என்று கட்டையை மெல்ல மெல்ல அமத்தினீர்களா? எந்தக் கட்டையைத் தொட்டீர்கள், எதை முதலில் தொட்டீர்கள் என்றெல்லாம் சந்தனம் சொல்கிறது. இதை மட்டும் சொல்லவில்லை.

கராஜின் பெரிய கதவை முழுக்க உயர்த்தி வைத்திருக்கிறேன். தெருவில் போகிற எல்லோருக்கும் பியானோ தெரிகிறது. முதல் தடத்தை இப்போது அமத்துகிறேன், அன்ரி. மெல்ல அல்ல.

உங்கள்
நாலாவது ஆள்